லோயர் கணக்கும் பட்டயக் கணக்கும்
(முன்னாள் மாணவியர் மூவர்)



பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் சேர்ந்த மாணவியைப் பார்த்து ஊரும் உறவும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏம்மா, பத்தாவதிலே மார்க் குறைஞ்சு போச்சா?" என்பதே அது. நாங்கள் மூவரும் அக்கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் செவி பழகிப் போனவர்கள். எங்களில் ஒருத்தி பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண். இன்னொருத்தியின் தகப்பனார் சின்ன காஞ்சிபுரத்தில் பூக்கடை வைத்திருக்கிறார். மூன்றாமவளின் தாயார் வீட்டிலேயே தையல் தைப்பவர். மூவருமாகச் சேர்ந்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். பள்ளி மலருக்கு எழுதுமாறு சிஸ்டர் பணித்தபோது, "எவ்வளவு மார்க் வாங்கினீர்கள் என்று எழுத வேண்டாம், எப்படிப் படித்தீர்கள் என்று எழுதுங்கள்" என்றார்கள். எங்களுக்கும் அதுதான் சௌகரியம்!

மார்க் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் காஞ்சியில் மார்க் என்பது எடையும்கூட. ஜரிகையை மார்க் கணக்கில்தான் கொடுத்து வாங்குவார்கள். ஒரு மார்க் ஏறக்குறைய 240 கிராம். எங்கள் தோழி சிறுமியாக இருந்தபோது, "அப்பாவுக்கு இன்றைக்கு இரண்டு மார்க் கொடுத்தார்கள்" என்று வகுப்பில் சொல்லப்போய், எல்லாரும் அவள் தகப்பனார் பரீட்சையில் தோற்றுவிட்டார் என்று எண்ணிச் சிரித்தார்களாம்.

கணக்குப் பதிவியலை நாங்கள் முதன்முதலாகப் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை, தறி வீட்டில்தான் கற்றோம் என்று சொன்னால் மிகையாகாது. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராயுள்ள நெசவாளர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. சங்கம் கொடுத்த பாவு எவ்வளவு, ஊடைப் பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, நெய்து திரும்பி வந்த சேலையின் எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு, கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் கழிவு போகக் கணக்கு நேராக வேண்டும். நேராகாவிட்டால் வித்தியாசம் கூலியில் போகும். இருப்பாய்வு என்று பிற்பாடு ஆசிரியை கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, "இதைத்தானே அப்பா தராசு முன் நின்று பார்க்கிறார்!" என்று எங்கள் தோழி மெதுவாகச் சொன்னாள்.

அந்தப் புத்தகத்திலேயே பற்று வரவின் முழு இரகசியமும் இருக்கிறது. கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் நெசவாளரின் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்து வைப்பார்கள். அரசு தன் பங்காக 4 காசு சேர்க்கும். ஆக, 5,000 ரூபாய் கூலி என்றால் 400 ரூபாய் பிடித்தம், 200 ரூபாய் அரசின் பங்கு. இந்த 400 ரூபாய் நெசவாளர் வீட்டுக் கணக்கில் அவருடைய சொத்து. கூலியிலிருந்து பிடித்து வைத்த சங்கத்தின் ஏட்டிலோ அது கொடுக்க வேண்டிய பொறுப்பு. பணம் ஒன்றே, யார் ஏட்டில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பக்கம் மாறுகிறது. இது விளங்கிவிட்டால் இரட்டைப்பதிவு முறையில் பாதி விளங்கியதாகும். இம்முறையை முதன்முதலில் அச்சு நூலில் விளக்கி எழுதியவர் ஒரு துறவி என்பது நம் பள்ளிக்குப் பெருமை தரும் செய்தி. பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த லூகா பச்சோலி அடிகளார் 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வெளியிட்ட கணித நூலில் ஒரு பகுதியாக அதை எழுதினார். அவராகக் கண்டுபிடித்ததன்று. வெனிஸ் வணிகர்கள் கையாண்டு வந்ததை ஒழுங்குபடுத்தி எழுதினார்.

இனி லோயருக்கு வருவோம். மாலையில் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போகாத காஞ்சிபுரத்துப் பெண் அரிது. கீழே மளிகைக் கடை, மாடியில் நாற்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் தடதடக்கும் ஒலி. அந்த ஒலிக்கு நடுவே ஒரு மூலையில் பெஞ்சு போட்டு அக்கவுண்டன்சியும் சொல்லிக் கொடுப்பார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கியல் ஆகியவற்றுக்கு அரசுத் தேர்வு நடத்துகிறது. இளநிலை, முதுநிலை என்பவை சான்றிதழில் உள்ள பெயர்கள். ஊர் வாயில் அவை லோயர், ஹையர். நாங்கள் பிளஸ் டூ படிக்கும்போதே 2022ஆம் ஆண்டு லோயர் அக்கவுண்டன்சி எழுதித் தேறினோம். குறிப்பேட்டில் பதிவது, பேரேட்டுக்கு எடுத்தெழுதுவது, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு, இவ்வளவுதான். கணக்கு இருபுறமும் சமமாகி அடியில் இரட்டைக் கோடு போடும்போது உண்டாகும் மகிழ்ச்சி இருக்கிறதே, அது தனி.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கிற்று.

2023ஆம் ஆண்டு பிளஸ் டூ முடிந்தது. லோயர் சான்றிதழும் டேலி பழக்கமும் உள்ள பெண்ணுக்கு நம்மூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. காந்தி சாலை நெடுகப் பட்டுக் கடைகள். பில் போடவும் இருப்பு எழுதவும் ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் நெசவாளர் வீட்டுத் தோழிக்கு ஒரு கடையில் உடனே இடம் கிடைத்தது. நாங்களோ சி.ஏ. படிப்பது என்று முடிவு கட்டியிருந்தோம். சி.ஏ.வை விளக்க நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தமிழில் பட்டயக் கணக்கர் என்று சொன்னால், "பட்டயமா? பாலிடெக்னிக்கில் கொடுக்கிறார்களே, அந்த டிப்ளமோவா?" என்று கேட்டார்கள். பட்டயம் என்றால் அரசர் அளிக்கும் ஆணை ஏடு. 1854ஆம் ஆண்டு எடின்பரோ நகரத்துக் கணக்கர் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்ததிலிருந்து இப்பெயர் வந்தது. நம் நாட்டில் அரசர் பட்டயம் ஏதுமில்லை. 1949ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் ஜூலை முதல் தேதி இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் தோன்றியது. பெயர் மட்டும் பழைய பெயராக நின்றுவிட்டது.

தோழியின் தகப்பனாரிடம் நாங்கள் மூவரும் சென்று பேசினோம். அவர் தறிக் குழியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். "எத்தனை வருஷம் ஆகும்மா?" என்றார். குறைந்தது ஐந்தாண்டு என்றோம். "பாஸாகிறது நிச்சயமா?" என்றார். நிச்சயமில்லை என்றோம். நூற்றில் பலர் தேறுவதில்லை என்ற உண்மையையும் மறைக்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு சேலை நெய்தால் ஒரு சேலைக்குக் கூலி உண்டு. நீங்க சொல்றது நெய்தும் கூலி வராமல் போகக்கூடிய வேலையா இருக்கே. தம்பி பத்தாவது படிக்கிறான்மா" என்றார். அவர் சொன்னதில் எங்களால் மறுக்கக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. தோழி கடைக்கு வேலைக்குப் போனாள். ஆனால் முதல் மாதச் சம்பளம் வாங்கியதும், தகப்பனாரின் சம்மதத்தோடு, எங்களோடு ஃபவுண்டேஷனுக்குப் பெயர் பதிந்துகொண்டாள். பகலில் கடை, இரவில் பாடம்.

ஃபவுண்டேஷன் என்பது நுழைவாயில். நான்கு தாள்கள்: கணக்கியல், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும், பொருளியல். ஒவ்வொன்றிலும் 40 மார்க், மொத்தம் 400க்கு 200 எடுக்க வேண்டும். கடைசி இரண்டு தாள்களும் விடை தேர்ந்தெடுக்கும் வகை. தப்பான விடைக்குக் கால் மார்க் கழிப்பார்கள். ஆகவே குருட்டாம்போக்கில் கட்டம் நிரப்பும் கலை இங்கே செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில், பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று படித்த மாதத்தில்தான் எங்களில் ஒருத்திக்குப் பதினெட்டு நிரம்பியது. அன்று முதல் அவள் வாக்கு சட்டப்படி செல்லும் என்று பெருமையடித்துக் கொண்டாள்.

இங்கே மொழியைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நாங்கள் தமிழில் படித்தவர்கள். சி.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. கடனீந்தோர், வாராக்கடன், ஐயக்கடன் ஒதுக்கு, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு என்று நாங்கள் அழகாகக் கற்ற சொற்களையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. விஷயம் தெரியும், வாக்கியம் வராது. ஆங்கிலவழிப் பிள்ளைகள் மூன்று வரியில் எழுதுவதை எழுத எங்களுக்கு அரைப் பக்கம் பிடித்தது. ஆகவே ஒரு நீள நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்புறம் தமிழ்ச் சொல், வலப்புறம் அதற்கு நேரான ஆங்கிலச் சொல், அதன் கீழ் அச்சொல் வரும் ஒரு முழு வாக்கியம் என்று எழுதத் தொடங்கினோம். வாக்கியம் எழுதியதுதான் உதவிற்று. வெறும் சொற்பட்டியல் மறந்துபோகிறது. நோட்டு மூன்று வீடுகளுக்கும் மாறி மாறிப் போய்வரும். தோழி கடையில் மதியச் சாப்பாட்டு வேளையில் தன் பங்கை எழுதி, மாலை பூக்கடையில் கொடுத்துவிட்டுப் போவாள். அந்நாளைய பக்கங்களில் இன்றும் கதம்ப வாசனை வருகிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

2023 டிசம்பரில் மூவரும் எழுதினோம். திருமால்பூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வருவோம். அத்தடவை நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் தேறினர். நாங்கள் இருவர் அந்த முப்பதில் இருந்தோம், தோழி இல்லை. மூன்று தாள்களில் தேவைக்கு மேல், கணிதத்தில் 34. அன்று மாலை அவளைப் பார்க்கப் போக எங்களுக்குக் கால் எழவில்லை. அவளே வந்துவிட்டாள். "நோட்டு என் முறை, கொடுங்கள்" என்றாள். 2024 ஜூனில் மறுபடி எழுதினாள். அந்தத் தடவை இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 15 பேர்தான் தேறினர். அந்தப் பதினைந்தில் அவள் ஒருத்தி! முடிவு வந்ததும் அவள் தகப்பனார் அதை நம்பாமல், கைப்பேசியை வாங்கி எண்ணை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தறிக்குப் போய்விட்டாராம். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் தறிச் சத்தம் கேட்டது என்று அவள் அம்மா சொன்னார்.

இடைநிலை என்பது வேறு உலகம். ஆறு தாள்கள், இரண்டு தொகுதிகள். பதிவுக் கட்டணம் இரு தொகுதிக்கும் 18,000 ரூபாய் ஆயிற்று. தையல்கார அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் பருவத்துக்காகக் காத்திருந்து அதைக் கட்டினார். ஒவ்வொரு தாளிலும் 40, தொகுதி மொத்தத்தில் நூற்றுக்கு 50. இரண்டில் ஒன்று தவறினாலும் தொகுதி முழுவதும் போயிற்று. ஆனால் ஒரு தாளில் 60 எடுத்திருந்தால் அடுத்த மூன்று தடவைக்கு அந்தத் தாளை எழுத வேண்டியதில்லை என்று ஒரு சலுகை உண்டு. 2025 ஜனவரியில் இரு தொகுதிகளையும் சேர்த்து எழுதியவர்களில் நூற்றுக்கு 14 பேரே இரண்டிலும் தேறினர். எங்களில் பூக்கடைப் பெண் தேறினாள். தையல் வீட்டுப் பெண்ணுக்கு முதல் தொகுதி மட்டும் வந்தது. மற்றதை அடுத்த தடவை முடித்தாள்.

லோயருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று தங்கைகள் கேட்கலாம். லோயரில் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள், நாம் சரியான இடத்தில் எழுத வேண்டும். இங்கே அந்த எண் அங்கே இருக்கலாமா என்று கேட்க வேண்டும். ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். அடக்கவிலை 22,000 ரூபாய். அந்தக் கரை இப்போது யாருக்கும் பிடிக்கவில்லை, 19,000 ரூபாய்க்குத்தான் போகும், விற்க 500 ரூபாய் செலவாகும். ஆண்டு முடிவில் சரக்கிருப்பில் என்ன எழுதுவது? லோயர் கணக்கில் வினாத்தாளே 22,000 என்று சொல்லிவிடும். கணக்கியல் தரம் இரண்டாம் எண்ணின்படி, அடக்கவிலையையும் செலவு போக விற்றுக் கிடைக்கும் தொகையையும் ஒப்பிட்டு, குறைவானதைத்தான் எழுத வேண்டும். அதாவது 18,500. நட்டம் இன்னும் நேரவில்லையே என்று கடைக்காரர் சொல்லுவார். நேரப்போகிறது என்று தெரிந்த பிறகு அதை மறைத்து வைத்த ஏடு உண்மை ஏடாகாது. இந்த ஒரு விதியைத் தோழிக்குச் சொன்னபோது அவள், "எங்கள் கடை மேல் தட்டில் எத்தனை சேலைகள் அப்படி இருக்கின்றன தெரியுமா!" என்றாள். பாடத்தை எங்களைவிட அவள் விரைவில் புரிந்துகொண்டாள் என்றே சொல்ல வேண்டும். நாள் முழுதும் சேலைகளுக்கு நடுவே நிற்பவள் அல்லவா?

இடைநிலை முடித்தபின் தணிக்கையாளர் ஒருவரிடம் இரண்டாண்டு நேர்முகப் பயிற்சி. ஆர்ட்டிகிள்ஷிப் என்பார்கள். முன்பு மூன்றாண்டாக இருந்தது, 2023இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாயிற்று. பயிற்சியில் உதவித்தொகை உண்டு, சம்பளம் என்று அதைச் சொல்ல முடியாது. கடைக் கணக்குப் பெண்ணின் சம்பளத்தைவிடக் குறைவு. இதை மாத்திரம் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பாதியில் தெரிந்தால் வீட்டில் சண்டை வரும்.

பூக்கடைப் பெண்ணின் ஆர்ட்டிகிள்ஷிப்பில் முதல் பெரிய வேலை மார்ச் 31ஆம் தேதி இரவு ஒரு துணிக்கடையில் இருப்பு எண்ணுவதைப் பார்வையிட்டது. கடை ஆட்கள் எண்ணுவார்கள், இவள் கூட நின்று, அங்கங்கே தானும் எடுத்து எண்ணி, ஏட்டோடு ஒப்பிட வேண்டும். ஏணியில் ஏறி மேல் தட்டுப் பெட்டிகளையும் இறக்கச் சொன்னாள். "சின்னப் பெண், சொன்னதை எழுதிக்கொண்டு போவாள் என்று நினைத்தோம்" என்று ஒரு பெரியவர் சொன்னாராம். குறையாகச் சொன்னாரா பாராட்டாகச் சொன்னாரா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

கணக்கை இவ்வளவு கெடுபிடியாகப் பார்ப்பது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. பள்ளிச் சுற்றுலாவில் நாம் போன உத்தரமேரூர் நினைவிருக்கிறதா? குடவோலை என்று ஆசிரியை விளக்கிக்கொண்டிருக்க, நாமெல்லாம் புளியோதரைப் பொட்டலத்தை எப்போது பிரிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாம் பராந்தக சோழன் காலத்து, ஏறக்குறைய 920ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது என்று அதில் இருக்கிறது. நேர்மையாகப் பொருளீட்டியவரே கணக்கெழுத அமர்த்தப்பட வேண்டும், முன் எழுதிய கணக்கைப் பெரியவர்களிடம் காட்டித் தூயவர் எனப் பெயர் பெறாமல் மறுபடி அப்பணிக்கு வரக்கூடாது என்றும் இருக்கிறது. தணிக்கைப் பாடம் படித்தபின் அக்கல்வெட்டை நினைத்தால் புளியோதரை மறந்துவிடுகிறது.

பெண்கள் இத்துறைக்கு வந்த கதையும் நம் தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறது. 1907இல் பிறந்த ஆர். சிவபோகம் அம்மையார் சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்றவர். விடுதலைப் போரில் ஈடுபட்டு ஓராண்டு சிறையில் இருந்தார். 1933ஆம் ஆண்டு அரசுக் கணக்கியல் டிப்ளமோவில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்கராயினார். சிறை சென்றவர் கணக்கராகப் பதிவு செய்ய இயலாது என்ற விதி குறுக்கே வந்தது. அவர் கணக்கை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார், வென்றார். 1937இல் தனியாக அலுவலகம் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார். இறுதித் தேர்வை ஒரே தடவையில் முடிக்கும் சிறந்த பெண்ணுக்குப் பரிசளிக்க ஓர் அறக்கட்டளையும் வைத்தார். ஒரே தடவையில் என்ற நிபந்தனையைக் கண்டு எங்கள் நெசவாளர் தோழி, "அம்மையார் இரண்டாம் தடவைக்கும் ஒரு சின்னப் பரிசு வைத்திருக்கலாம்" என்றாள்.

அத்தோழி இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறாள். பில் போடும் மேசையிலிருந்து கணக்கு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். இடைநிலையில் ஒரு தொகுதிக்கு மட்டும் பதிந்து, தன் சம்பளத்திலேயே கட்டணம் கட்டிப் படிக்கிறாள். தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். அவன் படிப்பு முடிந்ததும் அவள் ஆர்ட்டிகிள்ஷிப்புக்குப் போகலாம் என்று தகப்பனார் சொல்லியிருக்கிறார். அதுவரை வேலையை விட வேண்டாம் என்பது அவள் முடிவு. எங்கள் இருவருக்கும் அவள் உடனே வந்துவிட வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் வீட்டுக் கணக்கு அவளுடையது, அதை நாங்கள் எழுத முடியாது.

லோயர் முடித்துவிட்டு மேலே படிக்க எண்ணும் தங்கையருக்குச் சில செய்திகள். பத்தாவது முடித்ததும் ஃபவுண்டேஷனுக்குப் பதியலாம், தேர்வு பிளஸ் டூவுக்குப் பிறகு. பி.காம். முடித்து 55 விழுக்காடு எடுத்தவர் ஃபவுண்டேஷன் இல்லாமலே இடைநிலையில் சேரலாம். வீட்டில் உடனே முடிவெடுக்க இயலாதவர்களுக்கு இவ்வழி நல்லது. பட்டமும் கையில் இருக்கும். புத்தகங்களைக் கழகத்தின் இணையதளத்தில் காசின்றிப் படிக்கலாம், பாட வகுப்புகளையும் காசின்றிக் கேட்கலாம். பெருந்தொகை கட்டிப் பயிற்சி நிலையத்தில் சேர்வதற்கு முன் இரண்டு மாதமாவது இவற்றைக் கொண்டு படித்துப் பாருங்கள். எங்கள் நீள நோட்டை நூலகச் சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம். 212 பக்கம் வரை எழுதியிருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள்.